மாப்பிள்ளையோட குளிர் வீடு

இல்ல சார், எந்திரிக்காதீங்க. உக்காந்தே எழுதுங்க, அவசரமே இல்ல. இந்தாங்க பேனா, மேசைக்கு அடியில உருண்டு போயிருந்துச்சு. குனிஞ்சு தேடினதுல இடுப்பு பிடிச்சிருச்சு.

என்ன கேட்டீங்க? ஆங், பனிக்கரடி இந்த வெயில எப்படித் தாங்குதுன்னு. அது எங்க சார் தாங்குது, நாங்கதான் தாங்குறோம். வெளிய தார் ரோட்டுல செருப்பு ஒட்டுது. உள்ள சுவரெல்லாம் பனி. ஆறு மெஷின் நிக்காம ஓடுது. படுக்க ஐஸு, நீந்தக் குளம், வேளாவேளைக்கு மீனு. இந்த ஜூவுல எட்டு வருஷமா உபசாரம். ஒரு நாளாவது திருப்தியா ஒரு பார்வை? கிடையாது. அதனாலதான் மாப்பிள்ளைன்னு பேரு வச்சோம். போர்டுல வேற ஏதோ பேரு போட்டிருக்கு, அதைச் சொல்லிக் கூப்பிட்டா காது கூட அசையாது.

கொஞ்சம் மெதுவாவே கேளுங்க சார், எனக்குக் காது நல்லா கேக்கும்.

எடையா? நானூத்தி இருபது கிலோ. போன மாசம் பாத்தது.

சோதனைக்கு வந்த நீங்க பூட்டு, கதவெல்லாம் சரியில்லன்னு எழுதிட்டா மாப்பிள்ளைய வேற எங்கயாவது அனுப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும். அதுக்காக உங்களைக் காக்கா பிடிக்கிறேன்னு நினைக்காதீங்க. நான் பேசுறது வேலைப் பழக்கம். காலையில மாப்பிள்ளைய பின்னாடி குளத்துப் பக்கம் விட்டுட்டு, நடுவுல கம்பிக் கதவை இறக்கிட்டு, இந்த ரூம் வழியாத்தான் உள்ள போய்க் கழுவுவேன். சத்தமில்லாம போனா அது திடுக்கிட்டுக் கம்பியில வந்து மோதும். அதனால முடிக்கிற வரைக்கும் வாய மூடாம பேசணும்.

என்னத்தைப் பேசுவேனா? என் மூட்டு வலி, மக படிப்பு, அப்புறம் என் மச்சினன். அவனைப் பத்தி மட்டுமே ஒரு வருஷம் பேசியிருப்பேன். மாப்பிள்ளை மூஞ்சியத் தரையில வச்சுக்கிட்டு அசையாம கேக்கும். வீட்டுல நான் மச்சினன் பேச்சை எடுத்தா வீட்டம்மா எந்திரிச்சுப் போயிடுவா. கரடி போகாது.

பேச்சை நிறுத்தினா என்ன ஆகுமா? நிறுத்தினா அதுக்குச் சாப்பாட்டு நேரம் சார். கழுவி முடிச்சதும் நான் வாய மூடிக்கிட்டு மீன் வாளியத் தூக்குவேன். அதைப் படிச்சு வச்சிருக்கு. பேச்சு கேட்டா படுத்திருக்கும், பேச்சு நின்னா எந்திரிச்சு வந்துடும். அந்த வாளிதான் உங்க காலுகிட்ட இருக்கிறது. தள்ளாதீங்க சார், அப்படியே இருக்கட்டும்.

முதுகுல சில்லுன்னு இருக்கா? இருக்கும். ஜாக்கெட்டை இழுத்து விட்டுக்குங்க. திரும்பாதீங்க, கழுத்து பிடிச்சுக்கும்.

இந்த ரூமுலருந்து உள்ள போற கதவு சரியாப் பூட்டுதாங்கிறதுதானே உங்க தாள்ல மூணாவது கேள்வி? நல்ல கதவு சார். தாழ்ப்பாள் என் மணிக்கட்டு தண்டி இருக்கும். ஒரு சங்கடம் என்னன்னா, வெளி வெக்கையும் உள் குளிரும் சேர்ற இடம் அதுதான். கழுவுறதுக்காகத் திறந்து வச்சா, தாழ்ப்பாள் போற ஓட்டைக்குள்ள ஈரம் கோத்து ஐஸா உறைஞ்சிடும். தாழ்ப்பாளைத் தள்ளினா ஐஸ்ல இடிச்சு டக்குன்னு சத்தம் வரும். பூட்டிருச்சுன்னே தோணும். பூட்டியிருக்காது. அதனால சாத்துறதுக்கு முன்னாடி ஒரு கம்பிய விட்டு ஐஸைக் குத்தி எடுக்கணும். எட்டு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல.

இன்னைக்கு நீங்க அரை மணி முன்னாடியே வந்துட்டீங்க. உங்களுக்கு ஜாக்கெட் தேடி ஓடுற பரபரப்புல குத்த மறந்துட்டேன். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு, நம்பிட்டேன். நம்பிக் கம்பிக் கதவையும் தூக்கிட்டேன். தப்பு என்னோடதுதான் சார். மூணாவது கேள்விக்கு இல்லைன்னே எழுதிக்குங்க. மாப்பிள்ளைய அனுப்பிட்டா எனக்கு வீடு வெறிச்சோடின மாதிரி ஆயிடும், இருந்தாலும் எழுதுங்க.

மாப்பிள்ளை உங்க நாற்காலிக்கு நாலடி பின்னால படுத்திருக்கு.

அசையாதீங்க. நான் பேனா தேடுற மாதிரி குனிஞ்சப்பவே மேசைக்கு அடியில இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்கிட்டேன். டாக்டர் மயக்க ஊசித் துப்பாக்கியோட வந்துக்கிட்டிருக்காரு. அவர் ரூம் அந்தக் கோடியில, வர்றதுக்குப் பத்து நிமிஷம் ஆகும். ஏழு ஆயிடுச்சு.

பயமா இருக்கா? எனக்கும்தான் சார். அது மேல உசிரையே வச்சிருக்கேன், ஆனா பசி வந்தா அது என்னை மட்டும் விட்டுடும்னு சொல்ல முடியாது.

இப்ப ஒரே ஒரு உதவி. எனக்குத் தொண்டை வறண்டு போச்சு, இருமல் முட்டிக்கிட்டு வருது, ஒரு மடக்கு தண்ணி குடிச்சே ஆகணும். பேசுறது யாருன்னு எல்லாம் மாப்பிள்ளை பாக்காது, பேச்சு நிக்காம இருந்தா போதும். அதனால நீங்க கொஞ்சம் பேசுங்க. மெதுவா, வாய்க்கு வந்தது எதுன்னாலும் சரி.

உங்களுக்கு மச்சினன் இருக்காரா சார்? ம், சொல்லுங்க.