பாறையைப் பார்த்து நின்ற பலகை

மேடையில் அமர்ந்திருக்கும் நகரமன்றத்தாரே, பெக்ராம் மலையூற்றுச் சங்கத்தின் தலைவர் பியோன் தெக்-சு அவர்களே, துக்க விருந்தின் மாட்டிறைச்சிச் சூப்பு ஆறிப்போனது தெரிந்தும் எழாமல் இருக்கும் பெருமக்களே! நீர்ச் சோதனைக்கூடத்தில் மா கும்-ஓக் அம்மையாருக்கு எதிர்மேசையில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். பேசுகிறேன்.

யார் இந்த மா கும்-ஓக்? மூன்று உலகத்துத் தண்ணீரும் தன் முன் கைகட்டி நிற்கும்படி செய்த வேதியியலாளர்! ஆனால் தொடக்கம் என்ன? சியோலில் படிப்பு பாதியில் நின்றது. தனியார் ஆய்வகம் ஒன்றில் புட்டி கழுவினார். அந்த ஊர் ஹான் நதியே வற்றும் அளவுக்குக் கழுவினார்! அரசுத் தேர்வில் தோற்றார், மறுபடி தோற்றார். "தேர்வுத்தாள்தாண்ணே குடிக்கத் தகாத தரத்துல இருக்கு" என்றார். பிறகு ஜெயித்தார்.

ஜெயித்து வந்து செய்த முதல் வேலை என்ன? பெக்ராம் ஊற்றைச் சோதித்தார். பெருமக்களே, அந்த ஊற்றின் புகழ் தெரியாதவர் உண்டா? மூட்டுவலி போகும், மாமியார் கோபம் தணியும். வழுக்கையில் முடி முளைத்தது என்று ஒருவர் சத்தியம் செய்தார். தொப்பியை மட்டும் சாகும்வரை கழற்றவில்லை. அந்தத் தண்ணீரில் யுரேனியம் இருந்தது. மலைப்பாறையிலிருந்து கரைந்து வருவது. ருசி இல்லை, வாசனை இல்லை. சிறுநீரகத்தை மட்டும் அரிக்கும்.

"குடிக்கத் தகாது" என்று பலகை வைத்தார். அன்றைக்குச் சங்கத் தலைவர் யார்? அம்மையாரைப் பெற்ற அப்பா!

"ஏ புள்ள, இந்தத் தண்ணியக் குடிச்சுத்தானடி நீ வளந்த?"

"அதனாலதாம்ப்பா சொல்றேன்."

"படிச்ச திமிரு! இங்க பாரு, ஒம் முன்னாலயே குடிக்கிறேன்!"

சிவப்புக் குவளையில் மொண்டு மொண்டு குடித்தார் பெரியவர். சங்கத்தார் கைதட்டினார்கள். பலகையைப் பாறைப் பக்கம் திருப்பி வைத்து, அதன்மேல் வியர்வைத் துண்டுகளைக் காயப்போட்டார்கள். அம்மையார் காலையில் திருப்பி வைப்பார். மாலையில் அது மறுபடி பாறையைப் பார்க்கும். பாறைக்கு எழுத்தறிவு வந்திருக்கும், அவ்வளவு படித்தது!

அம்மையார்மேல் புகார் மனுக்கள் பறந்தன. அவரைக் கழிவுநீர் நிலையத்துக்கு மாற்றினார்கள். அழுதாரா? "இங்க நிம்மதிண்ணே. இந்தத் தண்ணி மருந்துன்னு யாரும் சண்டைக்கு வர்றதில்ல" என்றார். அங்கிருந்தபடியே வெளியூர் ஆய்வகங்களுக்கு ஊற்றுநீர் மாதிரிகளை அனுப்பி, அதே முடிவை வாங்கி, ஊற்றை மூடவைத்து, எங்கள் கூடத்துக்கே தலைவராகத் திரும்பினார்.

அதற்குள் அப்பாவின் சிறுநீரகம் போய்விட்டது. இப்போது மகளுடையதும். இரண்டுக்கும் அந்த ஊற்றுதான் காரணமா என்று ஆஸ்பத்திரியில் அவரிடமே கேட்டேன். "நிரூபிக்க முடியாதுண்ணே. நிரூபிக்க முடியாததப் பலகையில எழுதாதீங்க." சாவுப் படுக்கையிலும் இப்படிப் பேசினால் மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அடுத்த வாரம் ஊற்றை மறுபடி திறக்கலாமா என்று நகரமன்றம் முடிவெடுக்கப் போகிறது. தடுத்துப் பேச அவர் இல்லை. இதோ, அவர் படத்தின் முன்னால் ஒரு கிண்ணம் தண்ணீர். எந்தத் தண்ணீர் என்று சற்றுமுன் கேட்டேன்.

"நம்ம ஊத்துத் தண்ணிதான்யா," என்றார் தலைவர் பியோன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "வேலி தாண்டிப் போய் மொண்டு வந்தேன். அவ வளந்த தண்ணியில்லையா?"

தலைவரே, உங்கள் பாசத்தைச் சந்தேகிக்கவில்லை. அவர் அப்பாவும் பாசக்காரர்தான். இதைச் சோதனைக்கு எடுத்துப்போக என் கை துடிக்கிறது. ஆனால் அந்த அம்மாள் படத்திலிருந்தே அதட்டுவார்: "கண்ட கிண்ணத்துல எடுத்த மாதிரித் தண்ணி சோதனைக்குச் செல்லாதுண்ணே!"

ஆகவே இதை உங்கள் எல்லோர் முன்னிலும் கீழே கொட்டுகிறேன். நாளைக் காலை, அவர் கையால் கழுவி வைத்துவிட்டுப் போன புட்டியோடு மலையேறுவேன். வரும் முடிவை, எதுவானாலும், நகரமன்றத்தின் முன் வைப்பேன். இறங்கும்போது அந்தப் பலகையை நம் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வருவேன். மாலையில் யாராவது திருப்பினால், மறுநாளும் ஏறுவேன்.

கும்-ஓக், நீ தூங்கம்மா.