வலது தோளில் தொடங்கும் சிலுவை

நம்ம கரையில் மோட்டார் படகுச் சத்தமே கேட்காத காலமாம் அது. வாடைத்துறைங்கிற ஊரில் எஸ்தாக்கின்னு ஒரு கப்பல்காரன் இருந்தானாம். கிரேக்க தேசத்துத் துறைமுகம் ஒன்றில் காய்ச்சலோட கிடந்தவன், பிழைச்சு ஊருக்கு வரும்போது பொண்டாட்டியோட வந்தானாம். அவ பேர் தெஸ்பினா. கொண்டுவந்து வீட்டில் விட்டுட்டு அவன் மறுபடி கப்பல் ஏறிட்டான். ஆம்பளைக்கு அது சுலபம்.

அவ என்ன பண்ணினா? நடக்க முடியாத மாமியாரைத் தூக்கிக் குளிப்பாட்டினா. ரெண்டு பிள்ளை பெத்து வளர்த்தா. கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார்கிட்ட தமிழ் எழுத்துப் படிச்சா. படிச்ச கையோட, வீட்டுக்குப் பின்னால புன்னை மர நிழலில் தெருவில் உள்ள பொம்பளைப் பிள்ளைகளை உட்காரவெச்சு மணலில் எழுதச் சொல்லிக்கொடுத்தா. அவ நாத்தனார் பிரஜித்தா மட்டும், "வந்துட்டா கிரேக்கத்தி, மணலைக் கிளறிக்கிட்டு"ன்னு முனகிக்கிட்டே இருப்பாளாம்.

இப்ப தொபியாஸுக்கு வருவோம். வந்துதான் ஆகணும். ஊர்க் கமிட்டித் தலைவர். நாலு பேர் வெள்ளை வேட்டி கட்டி பெஞ்சில் உட்கார்ந்தா அதுக்குப் பேர் கமிட்டி. அவர் சரக்குக் கிட்டங்கி முற்றத்தில் கருவாடு காயப்போட்டுக் காக்கா விரட்டினது பூரா இந்தப் பிள்ளைகள்தான். பிள்ளைகள் காலையில் புன்னையடிக்குப் போனதும் கருவாட்டைக் காக்கா கொத்திச்சு. அன்னைக்குத்தான் அவருக்குப் பக்தி வந்துச்சாம்.

தெஸ்பினா அவங்க நாட்டு வழக்கப்படி சிலுவை போடுவா. நெற்றி, நெஞ்சு, வலது தோள், கடைசியில் இடது. நம்ம பக்கத்தில் இடதுதான் முதல்ல. இத்தனை வருஷமா ஒரே கோயிலில் நின்னவருக்கு அது அப்பத்தான் கண்ணில் பட்டுச்சு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் முற்றத்தில் ஊரைக் கூட்டினார்.

"இங்க பாரும்மா. சாமி கும்பிடறதே தலைகீழா இருக்கு. உன்கிட்ட பிள்ளைக என்ன படிக்கும்? எங்களை மாதிரி சிலுவை போடு. இனி சாகுற வரைக்கும் அப்படித்தான் போடணும். முடியாதுன்னா பள்ளிக்கூடத்தை மூடு."

அவ மாட்டேன்னு சொல்லுவான்னு அவருக்கு நம்பிக்கை. தாய் கைபிடிச்சுச் சொல்லிக்கொடுத்த சிலுவையை யார் மாத்துவா?

தெஸ்பினா பிள்ளைகளைப் பார்த்தா. நெற்றி, நெஞ்சு, இடது, வலது. போட்டுட்டா.

"இனி இப்படித்தான் போடுவேன். பிள்ளைக நாளைக்கு வரலாம் இல்லையா?"ன்னு கேட்டா.

தொபியாஸ் முகம் ஊறப்போட்ட கருவாடு மாதிரி ஆயிடுச்சாம். அப்பவும் விடலை. "ம், பொம்பளை இப்படித்தான் வழிக்கு வரணும்"னார்.

அதோட பிரஜித்தா எழுந்தா. அதே முனகல் பிரஜித்தாதான்.

"ஏ தொபியாஸண்ணே, நான் இந்த ஊர்க்காரிதானே?"

"அதுக்கென்ன இப்ப?"

"எனக்குப் பள்ளிக்கூடமும் கிடையாது, ஒரு எழுத்தும் தெரியாது. நீங்க எதை மூடுவீங்கன்னு பார்ப்போம்."

சொல்லிட்டு எல்லாரும் பார்க்க நெற்றி, நெஞ்சு, வலது, இடதுன்னு நிதானமா ஒரு சிலுவை போட்டா. பக்கத்தில் இருந்தவளும் போட்டா. அவளுக்குப் பின்னால இருந்தவளும் போட்டா. கருவாட்டுக் கூடை தூக்குற அத்தனை பேரும் போட்டாங்களாம். கமிட்டி பெஞ்சை விட்டு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கிட்டு, சாப்பாட்டுக்கு நேரமாச்சுன்னு போயிடுச்சு. அவ்வளவுதான் அதோட வீரம்.

மறுநாள் புன்னையடியில் பிள்ளைகள் கூடுதலாவே வந்தாங்க.

இன்னைக்கும் வாடைத்துறைப் பொம்பளைகள் சிலுவை போட்டா வலது தோள்தான் முதல்ல. புதுசா வர்ற சாமியார்கள் திருத்திப் பார்ப்பாங்க. "உங்களுக்கு எது வசதியோ அப்படிப் போடுங்க சாமி"ன்னு பொம்பளைகள் சொல்லிட்டுப் போயிடுவாங்க. தொபியாஸ் வீட்டு மருமகள்களும் அப்படித்தான். பொம்பளைகளில் தெஸ்பினா ஒருத்திதான், கொடுத்த வாக்கு மாறாம, கண்ணை மூடுற வரைக்கும் ஊருக்குள்ளே இடது தோளில் தொடங்கினவளாம்.