மடக்கிய முழங்கை

— துணி பிழிஞ்சதாலயா சுண்டுவிரல் மரத்துப்போச்சு? டாக்டர்கிட்ட எதுக்குடி அப்படிப் புளுகினே?

— வேற என்னக்கா சொல்லச் சொல்றீங்க?

— போன் பேசிப் பேசித்தான்னு சொல்லு. சாயங்காலம் முழங்கைய மடக்கிக் காதுல வெச்சேன்னா, சீரியல் எல்லாம் முடியுற வரைக்கும் கை கீழ இறங்கறதில்ல.

— நீங்க பாத்தீங்களா?

— பாக்கல, கேட்டேன். நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கறது சுவரா, அட்டை. “சாப்டியாப்பா, அங்க குளிருதாப்பா”ன்னு நீ கேக்கறதும், அவன் ஏதோ சொல்ல நீ சிரிக்கறதும்... நான் ஒட்டுக்கேக்கலைம்மா, அதுவா காதுல வந்து விழுது.

— ம்.

— குடுத்து வெச்சவ. என் பொண்ணு “மீட்டிங்ல இருக்கேன்மா”ன்னு வெச்சிடறா. ஞாயித்துக்கிழமை என்னடி மீட்டிங்? இந்தப் போன் கதைய டாக்டர்கிட்ட நானே சொல்ல வாயெடுத்தேன், தொடையில கிள்ளிட்டே.

— மெதுவாக்கா. ஸ்கேன் எடுக்கற பொண்ணு வருது.

— முழங்கைக்கு எம்ஆர்ஐ நீங்கதானேம்மா? வளையல், தோடு, ஹேர்பின், போன் எல்லாம் கழட்டி வெச்சிடுங்க. உள்ள இருக்கறது பெரிய காந்தம்.

— போன் மட்டும் என்கிட்ட இருக்கட்டுமேம்மா. ஆஃப்லதான் இருக்கு.

— கூடாதும்மா. குப்புறப் படுத்து, கையைத் தலைக்கு மேல நீட்டிக்கணும். டமடமன்னு சத்தம் வரும், அசையக் கூடாது. பயமா இருந்தா இந்த ரப்பர் பந்தை அமுக்குங்க, நான் மைக்ல பேசறேன்.

— அமுக்கினா பேசுவியா?

— பேசுவேன்மா. போனை அந்த லாக்கர்ல வெச்சுப் பூட்டிக்கோங்க.

— லாக்கர் எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரி நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். குடுடி இங்க. பையன் கூப்பிட்டா நான் பேசிக்கறேன்.

— வேண்டாம்க்கா. அதைத் தொடாதீங்க.

— ஏன், கடிக்குமா? போ உள்ள.

— ...அம்மா, முடிஞ்சுது. மெதுவா எழுந்திரிங்க. பந்தை அமுக்கிக்கிட்டே இருந்தீங்களே, அவ்வளவு பயமா?

— பயமில்லம்மா. சும்மாதான். எங்க, அக்கா வெளிய இருக்காங்களா?

— இங்கதான் இருக்கேன். வா, உக்காரு. இந்தா உன் போன். பையன் கூப்பிட்டான்.

— ...யாரு?

— உனக்கு எத்தனை பையன்? நீ உள்ள போயிருக்கேன்னு சொன்னேன். அப்புறம் என் கதைக்கு வந்துட்டோம். அவர் போனதுலேர்ந்து ஒரு தட்டுதான் கழுவறேன்னு சொன்னேன். டிவிய அணைச்சா வீடு என்னமோ பண்ணுதுப்பான்னேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்கம்மா சிரிக்கறப்ப எனக்கு வயிறு எரியும்னுகூடச் சொல்லிட்டேன். தங்கமான பிள்ளை, குறுக்க ஒரு வார்த்தை பேசல. எனக்கே இப்ப முழங்கை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது.

— அக்கா...

— என்னடி?

— அவன் என்கிட்ட பேசி ரெண்டு வருஷமாச்சு. எனக்கு யாருமில்லன்னு நீங்க நினைச்சிடக் கூடாதேன்னுதான் தினம்... அந்தப் போன்ல சிம்மே கிடையாதுக்கா.

— தெரியும்டி. அதனாலதான் அவ்வளவும் சொல்ல முடிஞ்சுது.