மாலைப் பதிவேட்டின் வெற்றுப் பக்கங்கள்

காசநோய்ப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் கண்ணும் கருத்துமாய்க் கடமையாற்றி இன்று விடைபெறும் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஐயா அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உளமாரப் படைக்கும் மடல்.

இருமலின் ஒலியிலேயே இல்லத்தின் இல்லாமையை அறிந்தவரே! மாத்திரை எண்ணிய கையாலேயே மனம் தளர்ந்தோர் தோளைத் தொட்டவரே! வணக்கம்.

சளி மாதிரிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, சைக்கிளில் கட்டி, தெருத் தெருவாய்ச் சேகரித்து வந்தவர் நீங்கள். "சளி டப்பா சார் வர்றாரு, யாரும் சும்மா துப்பி வீணாக்காதீங்க!" என்று முடிதிருத்துநர் கடைக்குள்ளிருந்து கத்துவார். அந்தப் பெயருக்கு நீங்கள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவரையும் சளி கொடுக்க வைத்துவிட்டுத்தான் நகர்ந்தீர்கள்.

"மாத்திரை அரசாங்கத்துலேருந்து தானா வந்துடும்ப்பா. கதவத் திறந்து வைக்கத்தான் காசு வேணும்" என்பீர்கள். அந்தக் காசுக்காக நகராட்சிப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கினீர்கள்! அப்படிப் பெற்றதுதான் ஆறு மணி முதல் எட்டு மணி வரையிலான மாலைச் சிகிச்சை. பகலில் வந்தால் கூலி போகும் என்று அஞ்சியவர்கள் அந்தக் கதவை நம்பி வந்தார்கள். தையற்காரர் ஒருவர் சொன்னது நினைவிருக்கும்: "காலையில வந்தா முதலாளி துரத்துவாரு சார், சாயங்காலம் வந்தா பொண்டாட்டி துரத்துவா. பொண்டாட்டியே பரவாயில்ல." நீங்கள் வாய்விட்டுச் சிரித்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

ஐயா, இம்மடலில் எங்கள் குறையையும் எழுதாவிட்டால் உங்கள் பெருமையும் பொய்யாகிவிடும்.

காலைப் பதிவேடு மேசைமேல் இருக்கும். மாலைப் பதிவேடு பூட்டிய அலமாரியில் இருக்கும். சாவி எடுக்கச் சோம்பி, மாலையில் வந்தவர்களையும் காலைப் பதிவேட்டிலேயே எழுதினோம். "அந்தந்த வேளைக்கு அந்தந்தப் பதிவேட்டுல எழுதுங்கப்பா" என்று வாராவாரம் சொன்னீர்கள். "சரிங்க சார்" என்று வாராவாரம் சொன்னோம். சென்ற ஆண்டு நகராட்சி அலுவலகத்தில் நிதிக்குழுவினர் மாலைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். வெற்றுப் பக்கங்கள். "யாருமே வராத இடத்துக்கு எதுக்குங்க பணம்?" என்றார் தலைவர். நாங்கள் அனைவரும் அந்த அறையில்தான் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீங்கள் எழுந்து, "என் மேற்பார்வையில நடந்த தப்புங்க" என்றீர்கள். திரும்பி வந்து வண்டியிலிருந்து இறங்கும்போது ஓட்டுநரிடம், "சாப்டியாப்பா?" என்று மட்டும் கேட்டீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

பணம் நின்று மாலைக் கதவு மூடிய பிறகு தையற்காரர் மருந்தை விட்டுவிட்டார். நீங்கள் வீடு தேடிப் போய்க் கெஞ்சியும், வேலையை விட்டு வர அவரால் முடியவில்லை. எட்டு மாதம் கழித்து அவர் மனைவி ஒரு துணிப்பையுடன் வந்தார். "அவரு போயிட்டாருங்க. மாத்திரை மிச்சம் இருக்கு, வேற யாருக்காவது ஆகுமா?" பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டீர்கள். பிறகு, "நீங்க சளி குடுத்துட்டுப் போங்கம்மா" என்றீர்கள். அவருக்கும் நோய் தொற்றியிருந்தது. சலவைக் கடையில் மாலை வரை நிற்கும் அவராலும் பகலில் வர முடியாது.

மூன்று மாத மாலை வருகையை முறையாகக் காட்டினால் பணத்தை மீண்டும் ஒதுக்குவதாகக் குழுவிடம் எழுதி வாங்கியதே உங்கள் கடைசிப் பணி. அதுவரை ஊதியமின்றி, நாளுக்கொருவராய், நாங்களே மாலைக் கதவைத் திறப்போம். அலமாரிச் சாவியைக் கதவருகே ஆணியில் மாட்டிவிட்டோம். நேற்று மாலை முதல் வரியை எழுதினோம். அது தையற்காரர் மனைவியின் பெயர்.

மூச்சுக்காகவே உழைத்த உங்களுக்கு முட்டின்றி மூச்சும், நோயற்ற நெடுவாழ்வும், மாலைநேர ஓய்வும் வாய்க்கட்டும். மனம் வந்தால் ஏதேனும் ஒரு மாலை வந்து பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். எங்களை மன்னிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

இப்படிக்கு,
திங்கள் – செவிலியர்
செவ்வாய் – மருந்தாளுநர்
புதன் – ஆய்வகப் பணியாளர்
வியாழன் – எழுத்தர்
வெள்ளி – துப்புரவுப் பணியாளர்
சனி – ஓட்டுநர்