சீட்டுக்குக் கீழே உள்ள எண்

— அந்தக் கம்பி பிரஷைக் கீழே வை, நேல்ச்சே.

— இதாலதான் சீக்கிரம் போகும், கொர்ஸ். சேறு எப்படி இறுகிக் கிடக்கு பாருங்க.

— பொறு, பொறு. சைக்கிள் கம்பெனிக்காரன் நம்பரை ஆழமா வெட்டியிருக்க மாட்டான். மேலாகத் தட்டி வச்சிருப்பான். கம்பி பிரஷ் போட்டு நீ இழுத்தேன்னா மூணும் எட்டும் ஒண்ணாயிடும். அப்புறம் கடவுளே வந்து வாசிச்சாலும் தெரியாது.

— சரி. எதை எடுக்கணும்? சொல்லுங்க, எடுத்துத் தரேன்.

— முதல்ல கோட்டைக் கழட்டு. முழுக்க சேறாயிருக்கு. தூர் வார்ற படகுக்காரன் கொடுத்த இடத்துல இருந்து நீயே தூக்கிட்டா வந்தே?

— தோள்ல போட்டுட்டு வந்தேன். முன் சக்கரம் வளைஞ்சு போச்சு, பின் சக்கரமும் சுத்தலை. வேற எப்படிக் கொண்டுவரது?

— கரையில இருந்தவங்க யாரும் கை கொடுக்கலையா?

— தள்ளி நின்னாங்க. பதினேழு நாளா எல்லாரும் என்னைப் பார்த்தா தள்ளித்தான் நிக்கிறாங்க. எதை எடுக்கணும், கொர்ஸ்?

— அந்தத் தகர டப்பாவுல மரச் சில்லு இருக்கு பாரு, ஐஸ் குச்சி மாதிரி. அதைக் கொடு. கட்டி கட்டியா இருக்கிறதை மரத்தாலதான் தள்ளணும். இரும்பு, இரும்பைக் கடிக்கும்.

— இந்தாங்க.

— இதோ பாரு, எப்படி வருதுன்னு. இனி அகலமான பிரஷ், தண்ணி வாளி. வெந்நீர் வேண்டாம்.

— நம்பர் அங்கேதான் இருக்கும்னு நிச்சயமாத் தெரியுமா?

— இந்தக் கம்பெனி வண்டிக்கு சீட்டுக்குக் கீழே, குழாயோட இடது பக்கம். முப்பது வருஷமா பார்க்கிறேன். வாங்கினப்ப கொடுத்த ரசீதை எடுத்து வந்திருக்கியா?

— பையில இருக்கு. காட்டட்டுமா?

— காட்டாதே. மடிச்சு அப்படியே வை. அதைப் பார்த்துட்டா என் கண்ணு அதையேதான் வாசிக்கும். நீயும் வாயைத் திறக்காதே.

— எனக்கு அது மனப்பாடம்.

— அதனாலதான் சொல்றேன். போலீஸ்ல சொல்லிட்டியா, வண்டி ஒண்ணு கிடைச்சிருக்குன்னு?

— இல்லை. சொன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க, நான் அங்கே பெஞ்சுல உட்கார்ந்து காத்துக் கிடக்கணும். இது என் புருஷன் லேன்டெர்ட் வண்டியா இல்லையான்னு எனக்கு இப்பத் தெரியணும். அவனோடதா இருந்தா அவனைத் தேட முக்குளிக்கிறவங்களை இறக்குவாங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வேக வைப்பேன்.

— இந்த ஊர்ல எல்லா வண்டியும் கறுப்பு, நேல்ச்சே. கால்வாயைத் தூர் வாரினா தினம் இருபது வண்டி வருது. இதுதான்னு ஏன் முடிவு பண்றே?

— நான் எங்கே முடிவு பண்ணினேன்? பெயின்ட் தடிப்பா இருக்கு. கதவுக்கு வாங்கின பெயின்ட்டுல மீந்ததை அவன் வண்டிக்கு அடிச்சான். வேற யாராவதுகூட அடிச்சிருக்கலாம்தானே?

— அடிச்சிருக்கலாம்.

— ஏன் அப்படி இழுக்கிறீங்க?

— ஒண்ணுமில்லை. மெல்லிசா ஒரு பிரஷ் வேணும். பாத்திரம் தேய்க்கிறது ஒண்ணு அந்த ஜன்னல்கிட்ட கிடக்கு. அதுவேதான். இப்ப துடைக்கத் துணி.

— நீங்க குழாயை உத்துப் பார்த்துட்டு மூஞ்சியை மாத்தினீங்க. என்ன பார்த்தீங்க?

— துரு. லேசாத்தான் பிடிச்சிருக்கு. பாசியும் இல்லை.

— அப்படீன்னா?

— தண்ணிக்குள்ள ரொம்ப நாள் கிடக்கலை.

— எத்தனை நாள்? பதினேழு நாள் இருக்குமா?

— நேல்ச்சே, நான் சைக்கிள் துடைக்கிறவன். நாள் சொல்றவன் இல்லை. அங்கே உட்காரு. காப்பி ஆறிட்டிருக்கு, குடி.

— அப்புறம் குடிக்கிறேன். வேலை பார்த்த மில்லை மூடினதுல இருந்தே அவன் கால்வாய் ஓரமாத்தான் நடப்பான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்து போயிடுவான். எங்கேன்னு கேட்டா தண்ணியைப் பார்த்துட்டு வரேன்னுவான். ஒரு நாள் எரிச்சல்ல சொல்லிட்டேன், பார்த்துக்கிட்டே இருக்கிறதுக்கு உள்ளேயே போயிடுன்னு.

— கோவத்துல எல்லாரும் சொல்றதுதான்.

— மறுநாள் காலையில அவனைக் காணோம், கொர்ஸ்.

— சரி, சரி. பல் தேய்க்கிற பிரஷ் ஒண்ணு இருக்கும், முடி தேஞ்சு போனது. தேஞ்சதுதான் வேணும், புதுசு குத்தும். மண்ணெண்ணெயில ஒரு முக்கு முக்கிக் கொடு. நிறைய வேண்டாம், பெயின்ட்டு இளகினா போதும்.

— இந்தாங்க. சீக்கிரம்.

— சீக்கிரமாத்தான் போயிட்டிருக்கேன். முதல் எண் தெரியுது. நாலு.

— ம்.

— அடுத்தது ஒன்பது. அதுக்கப்புறம் சைபர். ஏன் இப்படி வெறிச்சுப் பார்க்கிறே?

— நீங்கதான் வாயைத் திறக்காதேன்னீங்க.

— நாலாவது சரியாத் தெரியலை. மூணா எட்டான்னு சொல்ல முடியலை. துரு அடைச்சிருக்கு.

— குண்டூசி தரட்டுமா? கொண்டை ஊசி இருக்கு தலையில.

— ஊசி வேண்டாம், புதுசா ஒரு கோடு போட்டுடும். அந்த அலமாரியில சாக்கட்டி இருக்கும் பாரு. கொடு. இதைக் குழாய் மேல பூசிட்டுக் கட்டைவிரலால ஒரு இழுப்பு. மேலே இருக்கிறது போயிடும், பள்ளத்துல வெள்ளை நிக்கும்.

— நின்னுச்சா?

— பொறு. வெளிச்சத்துக்குத் திருப்பிக்கறேன். எட்டு. எட்டுதான், நேல்ச்சே.

— இனி வேண்டாம், கொர்ஸ்.

— இன்னும் ரெண்டு இருக்கு.

— கடைசி ரெண்டும் ஏழு. ஏழும் ஏழும்.

— பார்க்கிறேன். ஏழு. ஆமா. ரெண்டும் ஏழுதான்.

— நான் உட்கார்ந்துக்கறேன்.

— உட்காரு. இந்த ஸ்டூல்ல உட்காரு. தண்ணி குடிக்கிறியா?

— அந்தத் தண்ணியில எவ்வளவு குளிர் இருக்கும்? நவம்பர் மாசத் தண்ணி. இன்னிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துல இருந்து வரப்ப நான் என்ன சொல்லுவேன்? நீங்க ஏன் இன்னும் தேய்ச்சுக்கிட்டிருக்கீங்க? விடுங்க அதை.

— சும்மா இருந்தா என் கைக்கு என்ன செய்யறதுன்னு தெரியலை. பின் சக்கரத்தையாவது விடுவிச்சு வைக்கிறேன். போலீஸ்காரங்க உருட்டிட்டுப் போகணும்ல.

— உருட்டினா என்ன, தூக்கினா என்ன.

— சேறுதான் பிடிச்சிருக்குன்னு நினைச்சேன். சேறு இல்லையே இது. நேல்ச்சே, இங்கே வா.

— அங்கிருந்தே சொல்லுங்க.

— வான்னா வா. இந்தப் பிரஷைப் பிடி. சீட்டுக்குப் பின்னாடி வளையம் மாதிரி இருக்கே, அதைத் துடை. நீயே துடை.

— பூட்டு. வண்டிப் பூட்டு. அதுக்கென்ன?

— பூட்டியிருக்கு. சக்கரக் கம்பிக்கு நடுவுல இரும்பு போயிருக்கு பாரு. சாவி எங்கே?

— இல்லை. தண்ணியில விழுந்திருக்கும்.

— விழாது. இந்தப் பூட்டு திறந்திருக்கிறப்ப சாவியை உருவவே முடியாது, கெட்டியாப் பிடிச்சுக்கும். பூட்டினாத்தான் சாவி கைக்கு வரும். பூட்டின வண்டியை எவனும் ஓட்டிக்கிட்டு கால்வாய்க்குள்ள போக முடியாது. படகுக்காரன் இதை எங்கே எடுத்தான்?

— ரயில் ஸ்டேஷன் பாலத்துக்குக் கீழே. நானே பார்த்தேன். ரயிலுக்குப் போறவங்க வண்டிகள் நிக்குமே, அந்தச் சுவரை ஒட்டி.

— அப்புறம் என்ன. நிறுத்திப் பூட்டிட்டு, சாவியைப் பையில போட்டுக்கிட்டு ரயில் ஏறியிருக்கான். பின்னால குடிச்சிட்டு வந்த எவனோ தூக்கித் தண்ணியில போட்டிருக்கான். வாராவாரம் நடக்கிறதுதான் இது. சாகப் போறவன் வண்டியைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்துவானா? நேல்ச்சே, உன் புருஷன் உயிரோட இருக்கான். ஏன் இப்படி நிக்கிறே? நல்ல சேதி சொல்றேன்.

— செத்துட்டான்னு பதினேழு நாள் அழுதேன், கொர்ஸ். அந்த அழுகை எனக்குத் தெரியும். எங்கேயோ உயிரோட உட்கார்ந்துக்கிட்டு ஒரு வரி எழுதாம இருக்கிறவனுக்கு எப்படி அழுறதுன்னு எனக்குத் தெரியலை.