சைரனும் பால் சொம்பும்

உக்காருங்க... உக்காருங்க. மௌன அஞ்சலிக்கு இன்னும் நேரம் இருக்கு. மெழுகுவத்தியை இப்பவே கொளுத்தாதீங்கம்மா, கையில உருகி வழியும். எந்திரிச்சு நிக்கிறதுக்கு முன்னாடி ஒரு குட்டிக் கதை கேட்டுடுங்க. குட்டின்னா குட்டிதான்... இவன் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டானேன்னு முன் வரிசையில ஒருத்தர் சிரிக்கிறாரு, எனக்குத் தெரியுது.

கடலோரத்துல ஆத்துமுனைக் குப்பம்னு ஒரு ஊரு. சுனாமியில பாதி ஊரு போச்சு. அங்க அரசாயின்னு ஒரு பொம்பளை, மீன் விக்கிறவ. அலை வந்தப்ப மக கயல்விழியைக் கையில புடிச்சுக்கிட்டுதான் ஓடினா. புடிச்ச கை நழுவிடுச்சு... அவ்வளவுதான். அதுக்கப்புறம் பொறந்தவ பூங்கொடி. இவளாவது நமக்குத் தங்கணுமேன்னு, அந்தப் பிள்ளையைத் தனியா தெருமுனை வரைக்கும்கூட விடமாட்டா.

சுனாமிக்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு சைரன் வச்சுக் குடுத்தாங்க. எதுக்கு? அலை வந்தா தானா அலறும், ஜனங்க ஓடித் தப்பிக்கணும். ஆனா அலை வரல. வருஷா வருஷம் நினைவு நாள்தான் வந்துச்சு. சும்மாதானே கிடக்குன்னு, அன்னைக்குக் காலையில அலை வந்த அதே நேரத்துக்கு, ஊர்த் தலைவர் தைலப்பன் சைரன் ரூமைத் திறந்து பொத்தானை அழுத்துவாரு. சத்தம் கேட்டதும் வீட்டுக்கு வீடு சொம்புல பாலு, கையில பூவு... எல்லாரும் கிளம்பி எங்க போவாங்க?

கடலுக்கு!

கவனிச்சீங்களா? சைரன் கேட்டா கடலை விட்டு ஓடணும். இவங்க சைரன் கேட்டா கடலைப் பாத்து நடக்கிறாங்க! ஒருத்தருக்கும் தப்பாத் தோணல. எப்படித் தோணும்? அழுதுக்கிட்டே செய்யிற காரியத்துல யாரு போயி குத்தம் பாப்பா?

ஒரு வருஷம்... அதே நினைவு நாள். ராத்திரியெல்லாம் மழை. விடிஞ்சு வெளிச்சம் வந்ததும் சைரன் அடிச்சிருச்சு. வழக்கத்தைவிட முன்னாடியே. அரசாயி அப்பத்தான் குளிச்சிட்டு ஈரத் தலையோட வர்றா. பாத்தா, பூங்கொடி இல்ல. அடுப்பு மேடையில வச்சிருந்த பால் சொம்பும் இல்ல.

"ஏ பூங்கொடி... எங்கடி போனே?"

பக்கத்து வீட்டுக்காரி சொல்றா: "சைரன் அடிச்சிருச்சுல்லக்கா... எங்க பிள்ளைங்களோட கடலுக்குப் போயிருச்சு. நீ தலையைத் துவட்டிட்டு வா."

அரசாயி தலையைத் துவட்டக்கூட நிக்கல. ஓடுறா. கரையில தைலப்பன் மாலையும் கையுமா வேகமா நடந்துக்கிட்டிருக்காரு.

"எவனோ ஒரு முந்திரிக்கொட்டை எனக்கு முன்னாடி போயி அழுத்திட்டான்மா... வரட்டும், வச்சுக்கிறேன்."

அரசாயி அவரு இடுப்பைப் பாக்குறா. அப்படியே நின்னுட்டா.

"மாமா... சைரன் ரூம் சாவி உங்க இடுப்புலல்ல தொங்குது? அப்ப... அழுத்துனது யாரு?"

...

ஐயா, அந்த மனுஷன் கையில இருந்த மாலை கீழே விழுந்துச்சு. முன்னால பாத்தா மொத்த ஊரும் தண்ணியோரமா நிக்குது. பிள்ளைங்க முழங்கால் தண்ணியில நிக்குதுங்க. பின்னால சைரன் அலறுது... அலறிக்கிட்டே இருக்கு!

"ஓடுங்க! ஐயோ, ஓடுங்க! இது நாம அடிச்சதில்ல!"

பாதிப் பேருக்குப் புரியவே இல்ல. "அஞ்சலி நேரத்துல என்னக்கா கத்துறே?"ன்னு கேக்குறாங்க! அரசாயி தண்ணிக்குள்ள பாஞ்சு மகளோட கையைப் புடிச்சா. புடிச்ச புடியில பிள்ளை கையில ரத்தம் கட்டிருச்சு. சொம்பு எங்க விழுந்துச்சோ தெரியாது.

எல்லாரும் புயல் பாதுகாப்புக் கட்டடத்துக்கு ஓடினாங்க. அங்க போனா மாடிப்படி பூரா வலை! ஐஸ் பெட்டி! வைக்க இடம் இல்லேன்னு இவங்களே போட்டு வச்சது. வலையில கால் மாட்டி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து, தவழ்ந்து ஏறினாங்க. மேல போயி கடலைப் பாத்தா...

அலை வரல.

மழையில கம்பி நனைஞ்சு சைரன் தானா அலறியிருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒருத்தரும் சிரிக்கல. நிஜ அலையா இருந்திருந்தா? பாலும் கையுமா நாமளே போயி அதுக்கு முன்னால நின்னிருப்போமேன்னு அத்தனை பேரும் கீழ கரையைப் பாக்குறாங்க.

அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த ஊருல வழக்கமே மாறிப் போச்சு. சைரன் அடிச்சா யாரும் கடல் பக்கம் திரும்புறதில்ல. நடக்க முடியாதவங்களைத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போறாங்க. படி சுத்தமா இருக்கும். மேல நின்னு வீட்டுக்கு வீடு பிள்ளைங்க பேரைக் கூப்பிடுவாங்க. பிள்ளைங்க "இருக்கேன்"னு சொல்லணும்.

அரசாயி முறை வந்துச்சு.

"கயல்விழி..."

பதில் இல்ல. ஊரே சத்தமில்லாம நிக்குது. அவங்க மௌன அஞ்சலி அதுதாங்க.

அப்புறம் கூப்பிட்டா. "பூங்கொடி..."

"இருக்கேம்மா!"

அதுக்கப்புறம்தான் பாலை எடுத்துக்கிட்டுக் கடலுக்குப் போனாங்க.

கதை முடிஞ்சுது. இப்ப நம்ம கதைக்கு வருவோம். செத்தவங்களுக்காக அழணும். கட்டாயம் அழணும், நானும் அழுவேன். ஆனா வருஷா வருஷம் அழுது அழுது, எதுக்குப் பயப்படணும்கிறதை மறந்துடக்கூடாது. அது செத்தவங்களுக்கே நாம செய்யிற துரோகம்.

நீங்க அத்தனை பேரும் இன்னும் கொஞ்ச நேரத்துல மெழுகுவத்தி கொளுத்தப் போறீங்க. நெருப்பு. மேல துணிப் பந்தல். இந்த மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு வாசல் இருக்கு, உள்ளே வரும்போது பாத்தேன். அதுக்கு முன்னாடி என்ன இருக்கு? திரும்பிப் பாருங்க... எல்லாரும் நல்லாத் திரும்பிப் பாருங்க.

மடக்கு நாற்காலி. சாப்பாட்டு மேஜை. ஆள் உயரத்துக்கு!

எந்திரிங்கய்யா. முதல்ல அதை எடுப்போம், நானும் வர்றேன். பிள்ளைங்களைப் பேரு சொல்லிப் பக்கத்துல கூப்பிட்டு வச்சுக்குங்க. அஞ்சலி அதுக்கப்புறம்.