போட்டு வந்த குசினிக் கோட்டு

— அப்ப என்ரை துணி எனக்கே வெளிநாட்டுக்காரனோ, மிசியே லூசியன்?

— காயிதத்துப்படி ஆமாம், மதாம் கலாவதி. போகும்போது பிரான்சுத் துணி. ரொவாசி ஏர்போர்ட்டுல வந்து எறங்கும்போது இந்தியாக் கோட்டு. முழுக் கோட்டுக்கும் சுங்க வரி.

— என்ன கோதாரி இது! வோஜ் மலைப் பக்கம் நெய்த துணி. பட்டன் ஜூராவிலை செய்தது. இந்தா, லா சப்பலிலை, இந்த மேசையிலை, என்ரை கையாலை வெட்டினது. பாண்டிச்சேரி அரியாங்குப்பத்திலை இருபத்திரண்டு பொம்பிளையள் தைச்சவை, அவ்வளவுதான். தைச்ச கூலிக்கு வரி கேக்கட்டும், நான் வாய் திறக்கமாட்டன். என்ரை துணிக்கும் பட்டனுக்கும் ஏன் வரி?

— கட்ட வேண்டியதில்ல. அதுக்குன்னே ஒரு முறை இருக்கு, பெர்ஃபெக்சியோன்மான் பாசிஃப். இங்கத்துப் பொருள் வெளியில போயி, வேலை முடிஞ்சு, திரும்பி வந்தா, வெளியில ஏறின மதிப்புக்கு மட்டும்தான் வரி. துவான்ல, அதான் சுங்கத்துல, முப்பத்தொரு வருஷம் அதத்தான் பாத்தேன். ஆனா போகும்போதே சொல்லிடணும், இது திரும்பி வரப்போகுதுன்னு. உங்க காயிதத்துல 'டெஃபினிதீஃப்'னு இருக்கு. ஒரேயடியாப் போகுதுன்னு அர்த்தம்.

— அது வாமதேவன் செய்த வேலை. சாமான் ஏத்தி அனுப்புற ஏஜென்ற். நான் அவருக்குச் சொன்னனான்!

— என்ன சொன்னீங்க? சொன்னத அப்படியே சொல்லுங்க.

— "அக்கா, பெட்டியள் போகுதோ?" எண்டு போனிலை கேட்டவர். நான் சொன்னனான், "போகுது எண்டு சொல்லாதேங்கோ தம்பி, போட்டு வரும் எண்டு சொல்லுங்கோ" எண்டு. ஏன் சிரிக்கிறியள்?

— மன்னிச்சுக்கங்க. அலோர், அப்புறம் அவரு என்ன நெனச்சாரு?

— என்னத்தை நினைக்கிறது! வீட்டிலை ஆர் வெளிக்கிட்டாலும் போறன் எண்டு சொல்லக்கூடாது, போட்டு வாறன் எண்டுதானே சொல்லுறது. நான் சகுனம் பாக்கிறன் எண்டு நினைச்சு, "சரி அக்கா, சுகமாப் போட்டு வரட்டும்" எண்டார். எண்டுபோட்டு, ஒரேயடியாப் போற கட்டத்திலை புள்ளடி போட்டிட்டார்.

— பாண்டியிலயும் போயிட்டு வரேன்னுதான் சொல்லுவோம். செத்த வீட்டுல மட்டும் ஒண்ணும் சொல்லாம எழுந்து வந்துடுவோம். உங்க பெட்டிய அவரு செத்த வீட்டுலேருந்து கெளப்பி விட்டுட்டாரு.

— பகிடி விடாதேங்கோ. திங்கக்கிழமை பள்ளிக்கூடக் குசினியிலை சமைக்கிறவை கோட்டுக்கு நிப்பினம். முழுக் கோட்டுக்கும் வரி எண்டால் இதோடை சரி. அரியாங்குப்பத்திலை தையலைப் பாக்கிற மர்கரீத்துக்குப் போன் எடுத்து மெஷினுகளை மூடு எண்டு சொல்லவேணும். அவள் ஊருக்குத் திரும்ப முன்னம், அவளும் நானும் இங்கை ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் உடுப்புத் தோய்க்கிற கொம்பனியிலை பதினாலு வருசம் ஒண்டா நிண்டனாங்கள். அவள் தந்த நம்பரிலைதான் உங்களைப் பிடிச்சனான்.

— மர்கரீத் எங்க தெருப் பொண்ணு. சரி, துவான்லேருந்து வந்த கடுதாசியக் குடுங்க.

— இந்தாங்கோ.

— ம்.

— என்ன, கண்ணாடியைக் கழட்டிப்போட்டியள்?

— ஒண்ணுமில்ல. தலைக்கு மேல பாலத்துல மெத்ரோ போகுது, போகட்டும்.

— மெத்ரோவைக் காதாலையோ வாசிக்கிறியள், கண்ணாலையோ? கீழை அந்தக் கையெழுத்தைப் பாருங்கோ. கரப்பான் பூச்சி மையுக்கை விழுந்து எழும்பி நடந்த மாதிரி. மெலானி எண்டு ஒருத்தி. பின்னாலை வாய்க்குள்ளை நுழையாத ஒரு பிரெத்தோன் குடும்பப் பேர். ஈவிரக்கம் இல்லாதவள்.

— கடுதாசி நல்லா எழுதியிருக்கு, மதாம்.

— என்ன!

— ஒரு வார்த்தை கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. நானா இருந்தாலும் பெட்டிய நிறுத்தியிருப்பேன். கடைசிப் பாராவக் கேளுங்க. போன துணிதான் வந்திருக்குன்னு ஆதாரம் இருந்தா எடுத்துக்கிட்டு நேர்ல வாங்கன்னு எழுதியிருக்காங்க. கதவ முழுசா சாத்தல. பொருள் போனதுக்கு அப்புறமும் அனுமதி கேக்க சட்டத்துல எடம் இருக்கு. ஏமாத்துற எண்ணம் இருந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். நெறைய பேரு அந்தப் பாராவ எழுதவே மாட்டாங்க. முழு வரின்னு முத்திரை குத்திட்டு சாப்பிடப் போயிடுவாங்க.

— நீங்கள் ஏன் அவளுக்காகக் கதைக்கிறியள்?

— வேலை தெரிஞ்சவங்கள வேலை தெரிஞ்சவங்கன்னுதான் சொல்லணும். வாலா.

— சரி, வேலை தெரிஞ்சவள் இண்டைக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் என்னோடை...

— நான் வர முடியாது.

— ஏன்?

— அப்புறம் பேசலாம். மொதல்ல கோட்டக் காட்டுங்க. ஒண்ணாவது கையில இருக்கா?

— முதல் தைச்ச கோட்டை மர்கரீத் தபாலிலை அனுப்பினவள். இந்தாங்கோ, போட்டுப் பாருங்கோ. உங்கடை வண்டிக்குக் காணுமோ தெரியாது.

— வண்டியா? எனக்கு ஏது வண்டி? நான் பஸ்லதான் வந்தேன்.

— ஐயோ, வயிறு! தொப்பையைச் சொன்னனான்.

— ஓ. தொப்பை இருக்கு, வண்டி இல்ல. ம், சரியாத்தான் இருக்கு. இதென்ன, கைய மேல தூக்கினா கோட்டு கூடவே எழும்பல?

— கக்கத்துக்குக் கீழை ஒரு துண்டு வைச்சிருக்கு. பதினாலு வருசம் குசினிக்காரற்றை கோட்டுத் தோய்ச்சனான். எல்லாம் கக்கத்திலைதான் கிழிஞ்சு வரும். பெரிய சட்டியை அடுப்பாலை இறக்கேக்கை கிழியுது. கோட்டு வெட்டுறவன் ஒருத்தனும் சட்டி இறக்கினதில்லை.

— பட்டனும் ஓட்டைக்குள்ள போகல, டக்குனு ஒட்டிக்குது?

— அமத்துற பட்டன். கொதி எண்ணெய் மேலை ஊத்துப்பட்டால் ஒரே இழுவையிலை கோட்டு கழண்டு வரவேணும். பட்டனை ஒவ்வொண்டாக் கழட்டி முடிக்க முன்னம் தோல் போயிடும். அப்பிடித் தோல் போன ஒருத்தற்றை கோட்டை நான் தோய்ச்சிருக்கிறன்.

— முப்பத்தொரு வருஷம் பெட்டி பெட்டியாத் தொறந்தேன், மதாம். கோடி ரூபா உடுப்பெல்லாம் பாத்தேன். போடுறவனை நெனச்சு வெட்டின உடுப்பு இதுதான். இத எங்க மாட்டுறது?

— பின் கழுத்திலை கொழுவி இருக்கு. அந்த ஆணியிலை கொழுவுங்கோ.

— இருங்க, இருங்க. இது என்ன நாடா?

— எது?

— இந்தக் கொழுவி. வெள்ளையில நீலக் கோடு ஓடுது, எழுத்தும் நெய்திருக்கு.

— அது நாடா இல்லை, துணிக்கரை. எல்லாரும் வெட்டி எறியிறவை. எனக்கு எறிய மனம் வராது. நல்ல உறுதியான கரை. சாணளவு துண்டா வெட்டி, கொழுவிக்கு வைச்சுத் தையுங்கோ எண்டு துணியோடை அனுப்பினனான். நாடா வாங்கத் தேவையில்லைத்தானே. ஏன், கூடாதோ?

— எல்லாக் கோட்டுலயும் இதானா?

— ஆயிரத்து இருநூறிலையும் அதுதான். எழுத்தை நடுவாலை வெட்டினால் வடிவில்லை எண்டு, எழுத்து முழுசா வாற மாதிரிப் பாத்துப் பாத்து வெட்டினனான். ரெண்டு நாள் பிடிச்சது.

— என்ன எழுதியிருக்கு, வாசிங்க.

— நெசவாலைக்காரற்றை பேர். பிறகு ஒரு நம்பர். நாலு, ஏழு, ஏழு, சைபர், மூண்டு.

— அது தறி ஓடின தொகுதியோட நம்பர். துணி வாங்கின பில்ல எடுங்க. மேல, வலது பக்கம்.

— நாலு, ஏழு, ஏழு... அதே நம்பர். கடவுளே!

— பில்லோட தேதி?

— பெட்டியள் வெளிக்கிட மூண்டு கிழமைக்கு முன்னம்.

— மதாம் கலாவதி, போன பொருள அடையாளம் வச்சுக்க துவான்ல ஈயக்கட்டி முத்திரை போடுவோம், மாதிரி வெட்டி ஒறையில ஒட்டி வைப்போம். நீங்க ஆயிரத்து இருநூறு கழுத்துலயும் முத்திரையத் தச்சு அனுப்பியிருக்கீங்க. ஒரு அதிகாரிக்கும் இது தோணியிருக்காது. எனக்கும் தோணியிருக்காது.

— நான் கஞ்சத்தனத்திலை செய்தனான்.

— அத அப்படியே அங்க சொல்லுங்க. ஏமாத்துறவன் குப்பைக்குப் போற கரையச் சேத்து வைக்க மாட்டான். அந்தப் போட்டு வரும் கதையையும் வாமதேவன் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரட்டும். 'ஓ ருவார்', விடைபெறுறேன்னு மட்டும் மொழிபெயர்த்துடாதீங்க, திரும்பவும் செத்த வீடாயிடும்.

— நீங்கள் வந்து சொல்லுங்கோவன். என்ரை பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. சூடு, தள்ளு, கெதியா, இந்த மூண்டும்தான் வடிவா வரும்.

— அது போதும். கோட்ட மேசையில போடாதீங்க. சொவத்துல ஒரு ஆணி கேட்டு மாட்டுங்க. கரை தானாக் கண்ணுல படும். அவங்க கண்ணு கூர்மை. சிரிக்க மாட்டாங்க, கேள்விதான் கேப்பாங்க, பயந்துடாதீங்க. நடுவுல பேனா மூடியக் கடிக்க ஆரம்பிச்சா நம்பிட்டாங்கன்னு அர்த்தம்.

— அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— நேரமாச்சு. கார் து நோர் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம், ரொவாசி ரயிலப் புடிங்க.

— எனக்கு மழுப்பல் வேண்டாம், மிசியே லூசியன். இருபத்திரண்டு பேற்றை வேலை. முப்பத்தொரு வருசம் அங்கை இருந்தனீங்கள், உங்கடை ஒரு சொல்லுக் காணும். ஏன் வரமாட்டியள்? அந்தக் கரப்பான் பூச்சிக்குப் பயமோ?

— பயமும் உண்டு. நான் கூட வந்து நின்னா, அவங்க அந்த நிமிஷமே கோப்ப மூடி வேற அதிகாரிக்கு மாத்திடுவாங்க. மாத்தணும், அதுதான் முறை. அப்புறம் திங்கக்கெழமைக்குக் கோட்டு வராது.

— நீங்கள் வந்தால் அவள் ஏன் கோப்பை மாத்தவேணும்?

— அந்தக் கையெழுத்த, மடியில ஒக்கார வச்சு, கையப் புடிச்சு, நாந்தான் எழுதப் பழக்கினேன், மதாம். கல்யாணத்துல பேருதான் மாறிச்சு, கரப்பான்பூச்சி மாறல.